உன் நிரை எது? காற்பந்துத் திட்டம் கைத்தொலைபேசிக்குப் போகும் வழி

அரையிறுதியில் அந்தக் கார்னர் கிடைத்தபோது எங்கள் பையன்கள் இரண்டு பேர் ஒரே கம்பத்துக்கு ஓடினார்கள். கிட்டக் கம்பத்தில் இருவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க, பந்து அவர்கள் தலைக்கு மேலே போய், ஆளே இல்லாத தூரக் கம்பத்தருகே விழுந்து வெளியே உருண்டது. எழுவர் ஆட்டம். பாதி என்பதே சில நிமிடங்கள்தான். இன்னொரு கார்னர் வரவில்லை. ஆட்டம் முடிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம் பயிற்றுநர் கேட்டார்: “படம் பாத்தியா இல்லியாடா?”

“பாத்தேன் அண்ணே. சத்தியமா பாத்தேன்.”

அவன் பொய் சொல்லவில்லை. அவன் பார்த்தது, யார் எங்கே ஓட வேண்டும் என்று பயிற்றுநர் தாளில் வரைந்து செவ்வாய்க்கிழமை அனுப்பிய படம். வெள்ளிக்கிழமை மாற்றி அனுப்பிய படம், யாரோ ஒருவருடைய மகளுக்குக் குவிந்த நாற்பது பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவில் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) புதைந்து கிடந்தது. இரண்டு படமும் ஒரே சதுரக்கோட்டுத் தாள், ஒரே நீலப் பேனா, ஒரே கிறுக்கல். எது புதுசு என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மலேசியாவின் ஈப்போ நகரில் மென்பொருள் வேலை பார்த்துக்கொண்டு சனி ஞாயிறு சுங்கை சிப்புட்டுக்கு வந்து போகிறவன் நான். அன்றைக்கு எனக்கு இது ஒரு செயலிக்கான வேலை என்று தோன்றியது. உட்கார்ந்து வரைய ஆரம்பித்த பிறகுதான், நான் நினைத்தது பாதி தப்பு என்று புரிந்தது. எந்தப் பாதி என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். சுங்கை சிப்புட் என்றால் பலருக்குச் சரித்திரப் பாடம் ஞாபகம் வரும்: 1948 ஜூன் 16 அன்று தோட்டத் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்ததும். எங்களுக்கு ஊர் என்பது ரயில் நிலையம், சந்தை, கோயில்கள், சுற்றிலும் தோட்டங்கள், தோட்டத்துக்கு ஒரு திடல். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் குடும்பங்கள் இருந்த காலத்தில் ஆட்டத் திட்டத்தைப் ‘பகிர’ வேண்டிய தேவையே இல்லை. மாலை ஐந்து மணிக்கு எல்லாரும் திடலில் இருப்பார்கள். பயிற்றுநர் ஒரு குச்சியை எடுத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால் மண்ணில் கோடு இழுப்பார், சோடா மூடிகளை ஆட்களாக வைப்பார், மறுபடி மறுபடி நகர்த்துவார். சுற்றிக் குந்தியிருப்பவர்களுக்கு அது கண்ணுக்குள் இறங்கிவிடும்.

பால்மரம் (ரப்பர்) வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்குத் தோட்டத்தில் ஆள் குறைவாகப் போதும். லயங்கள் காலியாகி, பிள்ளைகள் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் சிதறினார்கள். எங்கள் குழுவில் இப்போது ஒருவன் இரவு ஷிப்டு, ஒருவன் லாரி ஓட்டுகிறான், மூன்று பேர் இடைநிலைப்பள்ளி, ஒருவன் பினாங்கிலிருந்து வெள்ளி இரவு வருகிறவன். கோயில் திருவிழாவையொட்டி நடக்கும் சுழற்கிண்ணப் போட்டிக்கு முன்னால் எல்லாரும் ஒன்றாகக் கூடுவது ஒரு தடவை நடந்தால் பெரிது. குச்சியும் மூடியும் அப்படியேதான் இருக்கின்றன. குந்தி உட்கார ஆள்தான் இல்லை. திட்டம் ஆளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இந்தக் கஷ்டத்தை முதலில் பெரிய அளவில் சந்தித்தவர்கள் அமெரிக்கக் காற்பந்துக்காரர்கள் (நம் காற்பந்து இல்லை, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம்). அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நகர்வும் முன்கூட்டி வரைந்து, பெயர் வைத்து, மனப்பாடம் செய்யப்படுவது. அதனால் ஆட்டக்காரர்கள் தடிமனான கோப்புகளைச் சுமந்து திரிந்தார்கள். 2006-இல் நெப்ராஸ்கா மாநிலத்தின் லிங்கன் நகரில் தொடங்கிய ஹடல் என்ற நிறுவனம், ஆட்டக் காணொளிகளை வெட்டி ஆட்டக்காரர்களுக்கு இணையத்தில் அனுப்பும் வேலையைச் செய்தது. 2011-இல், என்.எஃப்.எல் என்ற அமெரிக்க லீகில் ஆடும் தம்பா பே புக்கனியர்ஸ் குழு கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐபேடுக்கு மாறியது. 2014-இலிருந்து அந்த லீகின் ஆட்டங்களில் மைதான ஓரத்திலேயே மைக்ரோசாப்ட் சர்ஃபேஸ் பலகைக் கணினிகள் வந்துவிட்டன.

இதையெல்லாம் பார்த்துவிட்டு நானும் அதே மாதிரி ஒன்றைச் சின்னதாகச் செய்தால் போதும் என்று நினைத்தேன். அங்கே ஆட்டக்காரருக்குச் சம்பளமே திட்டத்தைப் படிப்பதற்கும் சேர்த்துத்தான் என்பதை யோசிக்கவில்லை. எங்கள் பையன் தொழிற்சாலைப் பேருந்தில் தூங்கி வழிந்துகொண்டே ஒரு கையால் திரையைத் திறப்பான். எட்டு விநாடி பார்ப்பான். எட்டு என்பது நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணியது.

பெரட்டில் தெரிந்த விஷயம்

தோட்டத்தில் வேலை பார்த்த யாரையும் கேளுங்கள், பெரட்டு என்றால் என்னவென்று சொல்வார்கள். விடியுமுன் இருட்டில் கூட்டம். தோட்டக் கணக்கரான கிராணி பெயர் வாசிப்பார். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் யாருக்கு எந்த நிரை என்று சொல்வார். ஒரு நிரை என்பது ஓர் ஆள் ஒரு காலையில் வெட்டி முடிக்கக்கூடிய சில நூறு மரங்கள். பால் வெட்டுகிறவர் முழுத் தோட்டத்தின் வரைபடத்தை ஒருநாளும் பார்த்திருக்க மாட்டார். தேவையும் இல்லை. தன் நிரை எது, அடுத்த நிரையில் யார், எப்போது பால் எடுக்கக் கிளம்புவது, அவ்வளவுதான். ஒருவர் வராவிட்டால் நிரை அங்கேயேதான் இருக்கும், அதற்கு வேறு ஆள் போவார்.

கடைகளில் கிடைக்கும் ஆட்டத் திட்டச் செயலிகள் பலவும் பயிற்றுநருடைய பலகையை அப்படியே திரைக்கு மாற்றியவை. வரைகிறவருக்கு அவை சுகமானவை: நிறம் மாற்றலாம், அம்புக்குறியை வளைக்கலாம், கூம்பு வைக்கலாம். பெற்றுக்கொள்கிறவனுக்குக் கிடைப்பதோ பதினான்கு புள்ளிகளும் ஒன்பது அம்புகளும் பின்னிக் கிடக்கும் ஒரு படம். அதில் தான் யார் என்று தேடவே அவனுடைய எட்டு விநாடியும் போய்விடும். நானும் முதல் மாதம் முழுக்க வரையும் கருவிகளைத்தான் செய்துகொண்டிருந்தேன். தப்பான பாதி அதுதான்.

பிறகு தலைகீழாகத் திருப்பினோம். பையன் இணைப்பைத் தொட்டால் முதலில் வருவது அவனுடைய ஒரு புள்ளி, ஒரு அம்பு, ஒரு வரி மட்டும்: “நீ கிட்டக் கம்பம். உதைப்பவர் கை இறங்கியதும் கிளம்பு.” மற்ற எல்லாரும் சாம்பல் நிறத்தில் மங்கலாக இருப்பார்கள். முழுத் திட்டத்தையும் பார்க்க ஆசைப்பட்டால் இன்னொரு தொடுதல். பாதிப் பேர் அந்த இரண்டாம் தொடுதலுக்குப் போவதே இல்லை, போகவும் வேண்டாம்.

விரலுக்கடியில் ஒன்பது மீட்டர்

வடிவமைப்பில் நான் அதிக நேரம் செலவழித்த இடம் விரல் நுனி. சிரிக்காதீர்கள், கணக்கைப் பாருங்கள். அனைத்துலக ஆட்டங்களில் வழக்கமான காற்பந்துத் திடல் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். கைத்தொலைபேசியை நிமிர்த்திப் பிடித்தால் திரையின் அகலம் ஏறக்குறைய 68 மில்லிமீட்டர். அதாவது திரையில் ஒரு மில்லிமீட்டர், திடலில் ஒரு மீட்டர். இனி, தொடும் பொத்தான் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஆண்ட்ராய்டு வழிகாட்டி சொல்லும் அளவு சுமார் 9 மில்லிமீட்டர். அதைவிடச் சின்னதாக வைத்தால் பக்கத்துப் புள்ளி நகர்ந்துவிடும். ஆகப் பயிற்றுநர் ஓர் ஆளைத் தொட்டு நகர்த்தும்போது அவருடைய விரல் திடலில் ஒன்பது மீட்டரை மூடிவிடுகிறது. ஃப்ரீகிக்குக்குச் சுவர் நிற்க வேண்டிய தூரமே 9.15 மீட்டர்தான்! சுவரும் பந்தும் ஒரே விரலுக்கடியில் காணாமல் போகின்றன.

கார்னரில் இன்னும் மோசம். பெனால்டி பெட்டி 40.32 மீட்டர் அகலம், 16.5 மீட்டர் ஆழம். திரையில் அது நான்கு சென்டிமீட்டருக்கு ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம். ஒன்பது மில்லிமீட்டர் வட்டங்களை அதற்குள் அடுக்கிப் பாருங்கள், ஏழோடு நின்றுவிடும். எழுவர் ஆட்டத்திலேயே கார்னரின்போது பெட்டிக்குள் பத்துப் பேர் நிற்பார்கள்.

இதற்கு நாங்கள் கண்ட வழி இரண்டு. கண்ணுக்குத் தெரியும் புள்ளியைச் சின்னதாக்கி, தொடும் எல்லையை மட்டும் பெரிதாக வைத்தோம். அடுத்து, விரல் புள்ளியின் மேலேயே இருக்க வேண்டும் என்ற விதியை எடுத்துவிட்டோம். ஓர் ஆளை ஒருமுறை தட்டித் தேர்ந்தெடுத்துவிட்டால், திரையின் கீழ்ப்பகுதியில் எங்கே விரலை இழுத்தாலும் அந்த ஆள் அதே திசையில் நகர்வார். விரல் கீழே, ஆள் மேலே. மடிக்கணினியில் தொடுபலகையைத் தடவுவது மாதிரி. பயிற்றுநர் முதலில் முகம் சுளித்தார். அடுத்த நாள் அவரே ஒரு பையனுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

திடலை நிமிர்த்தியே காட்டுவது, எப்போதும் மேல்நோக்கித் தாக்குவதாகவே காட்டுவது என்று ஒரு முடிவும் எடுத்தோம். தொலைக்காட்சியில் திடல் படுத்திருக்கும், விளையாட்டுச் செயலிகளிலும் அப்படித்தான். ஆனால் பையன் திடலில் நிற்கும்போது எதிர் கோல் அவனுக்கு முன்னால்தான் இருக்கிறது, பக்கவாட்டில் இல்லை. கீப்பர் மட்டும் எதிர்ப்பு தெரிவித்தார். கார்னரைத் தடுக்கும்போது அவருக்கு எல்லாமே எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. அவருக்கும் பேக்குகளுக்கும் மட்டும் தற்காப்புத் திட்டங்கள் திருப்பிக் காட்டப்படும். இந்த ஒரு சின்ன விஷயத்துக்கு ஒரு முழு வாரம் போனது.

நிறம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆகவே நம் ஆள் வட்டம், எதிராள் முக்கோணம். பின்னணி வெள்ளை. கரும்பச்சைத் திடல் படம் பார்க்க அழகு, மாலை வெயிலில் கீறல் விழுந்த திரையில் ஒன்றும் தெரியாது.

படமல்ல, எண்கள்

புலனத்தில் போகும் தாள் படத்துக்கும் செயலியில் போகும் திட்டத்துக்கும் உள்ளடக்கத்திலேயே வித்தியாசம் இருக்கிறது. தாளின் படம் பல்லாயிரம் நிறப்புள்ளிகள். காணொளி அதைவிடப் பல மடங்கு. ஆனால் ஒரு கார்னர் திட்டத்தின் சாரம் என்ன? நம் ஆள் ஏழு, எதிராள் ஏழு, பந்து ஒன்று, மொத்தம் பதினைந்து. ஒவ்வொன்றும் இருக்கும் இடத்தைச் சொல்ல இரண்டு எண் போதும்: கோல் கோட்டிலிருந்து எவ்வளவு, நடுவிலிருந்து எவ்வளவு. கார்னரை நான்கு கணங்களாகப் பிரிக்கலாம்: நிற்கும் நிலை, கை உயரும் கணம், உதைக்கும் கணம், பந்து விழும் கணம். பதினைந்தை இரண்டால், நான்கால் பெருக்கினால் 120 எண்கள். ஒரு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும். செம்பனைக் காட்டுக்கு நடுவில் அலைவரிசை ஒரு கோடு காட்டினாலும் அது போய்ச் சேரும்.

ஆனால் அந்த எண்களை எந்த அளவில் எழுதுவது என்பதில் ஒரு பொறி இருக்கிறது. திடலின் நீள அகலத்தை நூறு பங்காக்கி ‘இத்தனை பங்கு’ என்று எழுதுவது நிரலாளருக்கு எளிது. நானும் அப்படித்தான் எழுதினேன். சட்டப்படி திடல் 90 முதல் 120 மீட்டர் நீளமும் 45 முதல் 90 மீட்டர் அகலமும் இருக்கலாம். எழுவர் ஆட்டத் திடலோ அமைப்பாளர் சுண்ணாம்பு போட்டதுதான். திடல் சுருங்கினால் என் எண்கள் ஓட்டத்தையும் சேர்த்துச் சுருக்கிவிட்டன. கோல் கம்பத்திலிருந்து மூன்று மீட்டரில் நிற்க வேண்டியவன் இரண்டு மீட்டரில் நின்றான். கோல் சுருங்கவில்லையே! இப்போது பெட்டிக்கருகில் நடப்பது எல்லாம் கோல் கோட்டிலிருந்து மீட்டரில் எழுதப்படுகிறது. நடுத்திடலில் நடப்பது மட்டும் பங்குக் கணக்கு.

நேரம் இன்னொரு தொல்லை. நான்கு கணங்களுக்கிடையில் புள்ளிகளைச் சீராக நகர்த்திக் காட்டினால் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பி ஒன்றாகச் சேர்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், விஷயம் செத்துப்போகும். கார்னர் திட்டத்தின் உயிரே ஒருவன் முன்னாடி கிளம்பி எதிராளை இழுத்துக்கொண்டு போவதும், இன்னொருவன் அரை விநாடி தாமதித்து அந்தக் காலி இடத்தில் நுழைவதும்தான். ஆகவே ஒவ்வொரு ஆளுக்கும் ‘எப்போது கிளம்புவது’ என்று தனியாக ஓர் எண் வைத்தோம்.

அதை வைத்ததும் பயிற்றுநரின் ஆசைகள் வெளியே வந்தன. ஒரு திட்டத்தில் எங்கள் விங்கர் ஒரு விநாடியில் பதினைந்து மீட்டர் ஓடினான். உசேன் போல்ட் 2009-இல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 விநாடியில் ஓடியபோது சராசரி வேகம் விநாடிக்கு 10.4 மீட்டர்தான் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். “அவன் பூட்ஸ் நல்லது,” என்றார். இப்போது விநாடிக்கு ஆறு மீட்டரைத் தாண்டினால் அம்பு புள்ளிக்கோடாக மாறும். தடுப்பதில்லை, காட்டிக்கொடுக்க மட்டும் செய்யும். பயிற்றுநர்களுக்குத் தடுப்பு பிடிக்காது. அதிலும் 2010 டிசம்பரில் கே. ராஜகோபால் வழிநடத்திய மலேசியக் குழு இந்தோனேசியாவை வென்று தென்கிழக்காசியாவின் சுசுகிக் கிண்ணம் எடுத்ததைப் பார்த்து வளர்ந்த ஊர்ப் பயிற்றுநர்களுக்குத் தங்கள் தாளின் மேல் இருக்கும் நம்பிக்கை லேசுப்பட்டதல்ல.

ஆள் மாறும், நிரை மாறாது

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு யார் வருவார் என்று வெள்ளிக்கிழமை யாருக்கும் தெரியாது. ஓவர்டைம் வரும், லாரி பட்டர்வொர்த்தில் மாட்டிக்கொள்ளும். திட்டத்தில் ஆட்களின் பெயரை எழுதி வைத்திருந்தால் ஒருவன் வராதபோது முழுத் தாளையும் திரும்ப வரைய வேண்டும். அரையிறுதியில் நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். வெள்ளிக்கிழமை படம் மாற்றப்பட்டதற்குக் காரணமே ஒருவன் வர முடியாது என்று சொன்னது.

எனவே திட்டத்தில் இருப்பது இடங்கள் மட்டும்: உதைப்பவர், கிட்டக் கம்பம், தூரக் கம்பம், இழுப்பவர், பெட்டி வாசல், பின்னால் நிற்பவர், கீப்பர். ஆட்ட நாளன்று பயிற்றுநர் வந்தவர்களின் பெயரை அந்த இடங்களில் இழுத்துப் போடுவார். போட்ட கணமே ஒவ்வொருவன் கைத்தொலைபேசியிலும் ‘உன் இடம்’ மாறிவிடும். சீருடை எண்ணை நம்பவே முடியாது. எங்கள் சட்டைகளில் இரண்டு ஏழாம் எண் உண்டு, ஒன்று போன வருடத்துத் துணி. ஆகவே எல்லாரும் கூப்பிடும் பட்டப்பெயர்தான். சிலவற்றை இங்கே எழுத முடியாது.

பழைய திட்டம் கண்ணில் படவே கூடாது என்பதில் நான் பிடிவாதம். ஒரு திட்டத்துக்கு ஒரே இணைப்பு. மாற்றினால் அதே இணைப்பில் புதியது வரும். யார் எழுதலாம் என்பதும் ஒருவர்தான், மற்றவர்கள் எல்லாம் வாசிப்பவர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தினால் எதை எடுப்பது என்ற மென்பொருள் உலகத்தின் பெரிய தலைவலி இதில் தானாகவே போய்விட்டது. கடைசியாக இறங்கிய திட்டம் கருவியிலேயே தங்கிவிடும், இணையம் இல்லாமலும் திறக்கும். மூலையில் பெரிய எழுத்தில் ‘வெள்ளி இரவு 9:40’ என்று நேரம் மட்டும் இருக்கும்.

கடையிலிருந்து செயலியை இறக்கச் சொல்லவில்லை. இணைப்பைத் தொட்டால் உலாவியில் திறக்கும் இணையச் செயலி அது. இடம் நிறைந்துபோன மலிவுத் தொலைபேசிகளில் புதிதாக ஒன்றைப் பதிக்கச் சொன்னால் பாதிப் பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். கடவுச்சொல் கேட்டால் மீதிப் பேரும்.

எழுத்தும் குரலும்

தமிழில் ஒரு செயலி என்றால் நமக்குப் பெருமைப்பட வரலாறு இருக்கிறது. நம் நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு அஞ்சலைத் தொடங்கிவிட்டார். 2005-இல் வந்த செல்லினம் தமிழைக் கைத்தொலைபேசிக்குள் கொண்டுவந்தது. தொழில்நுட்பத்தில் தமிழுக்குத் தடை இல்லை. தடை ஐந்து மில்லிமீட்டர் வட்டம்தான். ‘தற்காப்பு ஆட்டக்காரர்’ என்று அதற்குள் எழுதிக்காட்டச் சொல்லுங்கள். மேலும் கீழும் நீளும் குறிகள் உள்ள எழுத்துகளுக்கு உயரமும் கூடுதலாக வேண்டும். கடைசியில் வட்டத்துக்குள் ஓரெழுத்து: கி, தூ, இ, பெ. கிட்ட, தூர, இழுப்பவர், பெட்டி.

அதற்கும் ஒரு பையன் கை தூக்கினான். “அண்ணே, எனக்குத் தமிழ் படிக்க வராது அண்ணே.” மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்தவன். வீட்டில் பேசுவது தமிழ், எழுத்து தெரியாது. குழுவில் மூன்று பேர் அப்படி. மலாயில் ஒரு மாற்று வைத்தோம். ஆனால் உண்மையில் பிரச்சினையைத் தீர்த்தது பயிற்றுநரின் குரல். ஒவ்வொரு இடத்துக்கும் பத்து விநாடிக் குரல்பதிவு: “டேய் தம்பி, நீ தூரக் கம்பம். அவசரப்படாதே, அவன் இழுத்துட்டுப் போகட்டும், அப்புறமா உள்ள வா.” அவருடைய தமிழ், மலாய், ஆங்கிலக் கலவையை எந்த மொழிபெயர்ப்பாலும் தொட முடியாது. தொழிற்சாலைப் பேருந்தில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கலாம், திரையையே பார்க்க வேண்டாம்.

பெஞ்சில் உட்காருமுன்

ஆட்ட நாளில் இந்தக் கருவியை எங்கே வைத்துக்கொள்ளலாம் என்பதற்கும் சட்டம் உண்டு. 2018-19 பருவத்திலிருந்து காற்பந்துச் சட்டம் நான்கு, குழு அதிகாரிகள் கையடக்கக் கருவிகளை ஆட்ட உத்திக்காகப் பயன்படுத்த அனுமதிக்கிறது. ஆட்டக்காரருக்கு அனுமதி இல்லை, பெஞ்சில் இருக்கும் மாற்று ஆட்டக்காரருக்கும் இல்லை. ஊர்ப் போட்டிகளில் இதை யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை என்றாலும், பழக்கம் சரியாக இருக்கட்டும் என்று ஓர் அச்சு வசதி வைத்தோம். ஏழு இடங்களும் ஒரு ஏ4 தாளில் கறுப்பு வெள்ளையில் வரும். ஊரில் எந்த போட்டோஸ்டேட் கடையிலும் எடுக்கலாம். குச்சிக்கும் மூடிக்கும் பதிலாக அந்தத் தாள் இப்போது கோல் கம்பத்துக்குப் பின்னால் கல்லை வைத்துக் கிடக்கிறது.

திட்டம் வெளியே கசியாதா என்று கேட்பீர்கள். கசியும். எதிர்க்குழுவின் பேக் எங்கள் கீப்பருக்கு மாமன் மகன். ஆண்ட்ராய்டில் திரைப்பிடிப்பை (ஸ்கிரீன்ஷாட்) தடுக்க வழி இருக்கிறது, ஆனால் உலாவியில் திறக்கும் பக்கத்துக்கு அது உதவாது. எப்படியும் இன்னொரு தொலைபேசியால் படம் எடுத்துவிடலாம். குழுவை விட்டுப் போனவருக்கு இணைப்பு வேலை செய்யாமல் போகும்படி மட்டும் செய்தோம். அதற்கு மேல் செய்தால் பூட்டுக்காகச் செயலி, செயலிக்காகப் பூட்டு என்று ஆகிவிடும்.

நான் இன்னும் மெருகேற்றிக்கொண்டிருப்பது வேறு ஒன்றை. பார்த்தானா என்பதைப் புலனத்தின் நீலக்குறி சொல்லிவிடும், புரிந்ததா என்பதைச் சொல்லாது. திரும்பத் திரும்பப் பார்ப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது மனத்தில் நிலைக்கும் என்பதை 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துக் காட்டியிருக்கிறார்கள். அதனால் திட்டத்தைக் காட்டிய பிறகு செயலி வெறும் திடலைக் காட்டி ஒரு கேள்வி கேட்கும்: “பந்து உதைத்ததும் நீ எங்கே?” பையன் விரல் வைக்க வேண்டும். எத்தனை மீட்டர் தள்ளி வைத்தான் என்று அவனுக்கும் பயிற்றுநருக்கும் தெரியும்.

சோதனையின் இரண்டாம் வாரம், அரையிறுதியில் தப்பான கம்பத்துக்கு ஓடிய அதே பையன் மூன்று தடவையும் இரண்டு மீட்டர் தள்ளியே விரல் வைத்தான். மூன்று தடவையும் அதே இடம். பயிற்றுநருக்குக் கோபம். “மூணு தடவ காட்டியாச்சு, இன்னும் என்னாடா?”

“அண்ணே, நீங்க சொல்ற எடத்துல மழ பேஞ்சா தண்ணி நிக்கும் அண்ணே. கால் வழுக்கும். நான் எப்பவும் இந்தாண்டதான் நிப்பேன்.”

பயிற்றுநர் ஒன்றும் பேசவில்லை. சாயங்காலம் திடலுக்குப் போய் அந்த இடத்தில் செருப்பால் மண்ணை அழுத்திப் பார்த்தார். குழம்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து புள்ளியை இரண்டு மீட்டர் நகர்த்தினார். மூலையில் நேரம் மாறியது. அடுத்த பதிப்பில், ஆட்டக்காரன் தன் இடத்தை நகர்த்தி, ஏன் என்று பத்து விநாடிக் குரலில் திருப்பி அனுப்ப ஒரு பொத்தான் வைக்க வேண்டும். எங்கே வைப்பது என்றுதான் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறேன், திரையில் இனி மில்லிமீட்டர் மிச்சமில்லை.